கிலாட் இரண்டு விநாடி, ஆக்கார் நாற்பது விநாடி

லுக்குட் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு உள்ளே ஆறு கிலோமீட்டர் போனால் நாலாம் டிவிஷன். அங்கே செம்பனைக் குலைகளை நிறுத்து லோரியில் ஏற்றும் ராம்ப்பில் விமலா இரண்டு கைப்பேசிகளோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்றில் கிலாட், இன்னொன்றில் ஆக்கார். எந்தப் பழம் வந்தாலும் இரண்டிலும் ஒரே விவரத்தை எழுதி அனுப்புவாள்: எந்த நிலம், எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு எடை. அனுப்பிய கையோடு கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அழுத்துவாள். பச்சை டிக் விழுந்ததும் நேரத்தைப் பள்ளிக்கூட நோட்டில் குறித்துக்கொள்வாள்.

கிலாட் இரண்டு விநாடியில் டிக் போட்டது. ஆக்காருக்கு நாற்பது விநாடி ஆனது. மழை பெய்து லைன் இழுத்தடித்தால் ஒரு நிமிடத்தைத் தாண்டியது.

இரண்டும் பிளாக்செயின் வலைப்பின்னல்கள். எண்ணெய் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், காட்டை அழித்து நட்ட மரத்துப் பழம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு லோடும் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதற்கு, எழுதிய பிறகு யாராலும் அழிக்க முடியாத பதிவு வேண்டும். நாலாம் டிவிஷன் கூட்டுறவுச் சங்கத்தில் ஐம்பத்திரண்டு பேர். தோட்டம் கைமாறியபோது பல வருடம் போராடி ஆளுக்கு மூன்று ஏக்கர் வாங்கியவர்கள். அந்த மூன்று ஏக்கரில் காய்க்கும் பழம் தங்களுடையதுதான் என்று நிரூபிக்க, இரண்டு வலைப்பின்னல்களில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் வேலையைச் சங்கம் விமலாவிடம் கொடுத்தது. நிறுவை பார்ப்பவள் அவள்தான் என்பது ஒரு காரணம். செனவாங்கில் கணினிச் சிப் செய்யும் ஆலையில் பதினேழு வருடம் டெஸ்ட் லைனில் இருந்தவள் என்பது இன்னொரு காரணம். ஆலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது வேலை போனது, பழக்கம் போகவில்லை. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும், இது எங்கே உடையும் என்றுதான் அவள் புத்தி முதலில் தேடும்.

"மூணு வாரம் எதுக்கு விமலா? மூணு நாளு பாத்தா தெரியாதா?" என்றார் சங்கத் தலைவர் புனிதன். பழம் ஏற்றிப் போகும் பெரிய லோரி அவருடையது. "கிலாட்னா மின்னல். பேருக்கு ஏத்த மாதிரி ஓடுது. ஆக்காருன்னா வேரு. அதான் எடத்த விட்டு அசைய மாட்டேங்குது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். விமலாவும் சிரித்துவிட்டு, "மூணு வாரம்னு சங்கத்துல எழுதிக் கொடுத்திருக்கேன் அண்ணே. மூணு வாரம்தான்," என்றாள்.

ஆக்காரின் தாமதத்துக்குக் காரணத்தை அவள் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். அதன் பதிவேடு முப்பத்திரண்டு இடங்களில் முப்பத்திரண்டு கணினிப் பெட்டிகளில் இருந்தது. குளுவாங்கில் ஒரு சங்கம், சண்டாக்கானில் ஒரு ஆலை, தெலுக் இந்தானில் ஒரு கல்லூரி என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி, ஒரு முழுப் பிரதி. இருபத்திரண்டு பெட்டிகளாவது சரி என்று சொன்னால்தான் ஒரு வரி ஏறும். நாலாம் டிவிஷன் சேர்ந்தால் ராம்ப் ஆபீசிலும் ஒரு பெட்டி வைப்பார்கள். கிலாட்டில் மொத்தமே ஐந்து பெட்டிகள். ஐந்தும் ஒரே கட்டடத்தில், ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான்கு சம்மதித்தால் போதும். பக்கத்தில் இருப்பவனிடம் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆக்காரிடம் அவளுக்கும் ஒரு கோபம் இருந்தது. இரண்டாவது நாளே பதினாலாம் நம்பர் நிலத்தை நாற்பத்தொன்று என்று தப்பாக அடித்து அனுப்பிவிட்டாள். அழிக்கலாம் என்று தேடினால் அதற்கு வழியே இல்லை. தப்பு அப்படியே நின்றது. அதற்குக் கீழே 'மேலே உள்ளது பிழை, சரியான எண் பதினான்கு, பதிந்தவர் விமலா' என்று இன்னொரு வரி சேர்க்கத்தான் விட்டது. முப்பத்திரண்டு ஊரில் தன் தப்பு பேரோடு கிடக்கிறதே என்று அன்றைக்கு முழுவதும் அவளுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. கிலாட்டில் அதே தப்பு. ஒரு போன் போட்டாள். சுவடே தெரியாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அப்போது அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கிலாட் நின்றது. கைப்பேசியில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. விமலா ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுவிட்டு ஆக்காரில் மட்டும் எழுதினாள். மதியம் ஒன்றேகாலுக்கு 'சேவை வழமைக்குத் திரும்பியது' என்று கிலாட்டில் ஒரு செய்தி வந்தது. கூடவே புனிதனின் போனும் வந்தது. கிலாட்டைப் பார்த்துப் பழம் வாங்கும் எண்ணெய் ஆலையின் வாசலில் நின்று கத்தினார்.

"என்னா விமலா செஞ்சு வச்சிருக்க? காலையில ஏத்துன ஏழு லோடும் இங்க ஸ்க்ரீன்ல இல்லங்கிறான். ஒண்ணு கூட இல்லலா!"

"இருக்கும் அண்ணே. ஏழுக்கும் டிக் விழுந்துச்சு. நோட்டுல நேரம் எழுதியிருக்கேன்."

"நோட்ட எவன் கேட்டான்? அசால் தாக் தாவ்னு போட்டுட்டான்!"

எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழம். திருட்டுப் பழத்துக்கும் காட்டுப் பழத்துக்கும் ஆலையில் வைத்திருக்கும் பெயர் அது. ஏழு பேரின் நிலத்துக்கும் நேராக ஆளுக்கு ஒரு சிவப்புக் குறி விழுந்தது. மூன்று குறி விழுந்தால் அந்த நிலத்துப் பழத்தை ஆலை வாங்காது.

விமலா கிலாட்டைத் திறந்து பார்த்தாள். ஒன்பது மணிக்கு முந்தியவை எல்லாம் இருந்தன. ஒன்பதிலிருந்து பத்து நாற்பது வரை வெறுமை. அவள் கண் முன்னால் பச்சை டிக் விழுந்த ஏழு வரிகள் எழுதப்படாதவை போலவே ஆகிவிட்டன. ஆக்காரில் ஏழும் வரிசையாக இருந்தன.

மறுநாள் காலை ஆலையிலிருந்து கஜன் காரில் வந்து இறங்கினார். பழம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கும் அதிகாரி அவர். சங்கத்தைக் கிலாட்டில் சேர்க்க வேண்டும் என்று முதலிலிருந்தே மெனக்கெட்டவர். கூடவே கிலாட் நிறுவனத்து இன்ஜினியர் தர்மினி மடிக்கணினியோடு வந்தாள். அதற்குள் சிவப்புக் குறி விழுந்தவர்களில் ஒருத்தியான மயிலம்மாள் மோட்டார் சைக்கிளை ராம்ப்பின் குறுக்கே நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். குலை வெட்டும் நீண்ட கழியை இன்னும் தானே தூக்கும் பெண்பிள்ளை; எவரிடமும் குரலைத் தணித்துப் பேசியதில்லை.

"சார், எம்மரத்துல நான் வெட்டுன பழத்தத் திருட்டுப் பழம்னு எழுதுனது யாரு? அந்த ஆள மொதல்ல காட்டுங்க."

"யாரும் எழுதேல்லை அக்கா. ஒரு டெக்னிக்கல் பிரச்சினை. ரெண்டு சர்வர் ஒரே நேரத்தில படுத்திட்டுது," என்றார் கஜன் மரியாதையாகவே.

"அஞ்சுல ரெண்டு போனா நாலு பேரு சம்மதம் கிடைக்காது. அதனாலதான் நின்னுச்சு," என்றாள் தர்மினி. "சீக்கிரம் திருப்பிக் கொண்டு வரணும்னு, ஒன்பது மணிக்கு எடுத்து வச்சிருந்த நிலைமையிலேருந்து தொடங்கிட்டாங்க. நடுவுல உள்ளது போயிருச்சு."

"கவலைப்படாதேங்கோ. இப்பவே சரி பண்ணித் தாறம்," என்றார் கஜன்.

தர்மினி ராம்ப் ஆபீசில் உட்கார்ந்து விமலாவின் நோட்டைப் பார்த்து ஏழு வரிகளையும் ஏற்றினாள். பத்தே நிமிடம். சிவப்புக் குறிகள் மறைந்தன. கஜன் கைப்பேசியை மயிலம்மாள் பக்கம் நீட்டிக் காட்டினார். "பாருங்கோ. ஒண்டும் நடக்காத மாதிரி ஆயிட்டுது."

"நடந்துச்சே!" என்றாள் மயிலம்மாள். "நேத்து அத்தன பேரு முன்னால எம்பேரு கெட்டுச்சே. அத அழிக்கச் சொல்லி யாரு கேட்டா? தப்பு எங்களுதுன்னு எழுதுங்க சார். நான் அதத்தான் கேக்க வந்தேன்."

அப்படி எழுத இதில் இடம் இல்லை என்றார் கஜன்.

விமலா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலம்மாளின் வரியில் 'வியாழன், காலை 9.14' என்றிருந்தது. பக்கத்தில் பச்சை டிக். எழுதியதோ வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. தர்மினி எழுதும்போது விமலா பக்கத்தில்தான் நின்றாள். நேற்று விழுந்த டிக்குக்கும் இன்றைக்குப் போட்ட டிக்குக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. கஜன் உதவி செய்ய வந்தவர்தான்; அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லதற்காக முந்தின நாள் தேதி போட முடிந்தவர்கள், வேறு எதற்காகவும் போடலாம். பத்து நிமிடம் போதும். நோட்டில் அந்த நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் முடிந்ததும் இரண்டு பக்க அறிக்கை எழுதினாள். முதல் பக்கம் வேகம். இரண்டாவது பக்கத்தில் வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நடந்தவை. ஆக்காரில் தான் செய்த தப்பு. மழை நாளில் அது படுத்திய பாடு. பெட்டி வைத்தால் கரண்டும் லைனும் ஓயாமல் வேண்டும் என்பது எல்லாம். சனிக்கிழமை மாலை புனிதன் அவள் வீட்டுக்கே வந்தார். கையில் அறிக்கை ஒரு பக்கம்தான் இருந்தது. அழகாக டைப் அடித்திருந்தது.

"கஜன் சாரு சுருக்கிக் கொடுத்தாரு. அடியில கையெழுத்து மட்டும் போடு விமலா. நாளைக்குக் கூட்டத்துல படிச்சிருவோம்."

"ரெண்டாவது பக்கம் எங்க அண்ணே?"

"இருபத்தொரு நாளுல ஒரு நாளு கெட்டுச்சு. அதப் போயி பெருசு பண்ணுவியா? கிட்டக்க இருக்கிற ஆல இது ஒண்ணுதான். அவங்க கிலாட்டுதான் வேணுங்கிறாங்க. தம்பின் டவுனுக்கு அந்தப் பக்கம் ஆக்கார் எடுக்கிற மில்லு இருக்கு, சரி. தெனம் அவ்வளவு தூரம் யாரு ஓட்டுறது? நீயா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. விமலாவுக்குச் செனவாங் நினைவு வந்தது. கப்பல் காத்திருக்கிறது என்று ஒரு சூப்பர்வைசர் அவசரப்படுத்த, பாதி மட்டுமே சோதித்த ஒரு தட்டு சிப்புக்கு 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டாள். நான்கு மாதம் கழித்து அத்தனையும் திரும்பி வந்தது. தாளில் சூப்பர்வைசர் பெயர் இல்லை. அவள் பெயர் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்க, நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் இருந்தா கையெழுத்து போடுவேன். ஒரு பக்கத்துக்குப் போட மாட்டேன்."

"அப்ப வேற ஆளு போடுவான்."

"போடட்டும். டெஸ்ட் பண்ணுனது நான்னு எல்லாருக்கும் தெரியும். என்னாத்துக்கு விமலா கையெழுத்து இல்லன்னு கேப்பாங்க. கேட்டா சொல்வேன்."

புனிதன் வாசலில் போட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ப் பொது மண்டபமான பாலாயில் கூட்டம். ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். கஜன் சுவரில் ஒரு படத்தை மாட்டிக் காட்டினார். ஒரு பக்கம் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு நீலக் கம்பம். பக்கத்தில் தரையோடு ஒட்டிய ஒரு மஞ்சள் கோடு. கிலாட் ஒரு விநாடிக்கு மூவாயிரம் பதிவு எழுதும். ஆக்கார் பதினாலு.

விமலா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கணக்கு சரிதான் சார். நானே டைம் பண்ணிப் பாத்தேன், கிலாட்டுதான் வேகம். அதுல சண்டை இல்ல. நம்ம ராம்ப்புக்கு ஒரு நாளைக்கு எத்தன லோடு வருதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

"பன்னெண்டு," என்றது ஒரு குரல். "மழ விட்ட மறுநாளு இருவது."

"ஒரு நாளைக்கே இருவது. ஒரு செகண்டுக்கு மூவாயிரம் எழுதுறதுக்கு நம்மகிட்ட பழம் எங்க சார் இருக்கு? ஒலகத்துல உள்ள செம்பன எல்லாத்தயும் நம்ம ராம்ப்புலயா கொட்டப் போறாங்க?"

சிரிப்பு எழுந்தது. கஜனும் சிரித்தார். "இண்டைக்கு இருவது. நாளைக்கு எல்லாச் சங்கமும் சேரும். அப்ப வேகம் வேணும்தானே அக்கா?"

"வேணும். ஆனா அந்த வேகம் எங்கேருந்து வருதுன்னு தெரியணும்ல?" விமலா முன்வரிசையில் இருந்த தர்மினியைப் பார்த்தாள். "தர்மினி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மயிலம்மாக்கா வரிய இப்ப இங்கேருந்தே மாத்த முடியுமா? போன மாசம் தேதி போட்டு?"

"அப்படி யாரும் செய்ய மாட்டினம்," என்றார் கஜன்.

"செய்வாங்களா மாட்டாங்களான்னு கேக்கல சார். முடியுமா முடியாதா?"

தர்மினி மடிக்கணினியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். கஜன் அவளையே பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"முடியும். அஞ்சு சர்வரும் எங்க கையில. நாலு போதும்."

"ஆக்கார்ல?"

"ஊர் ஊரா போயி இருபத்திரெண்டு பேர சம்மதிக்க வைக்கணும். அப்பவும் மத்த பத்து பேருகிட்ட பழைய பிரதி இருக்கும்."

"அதுக்குத்தான் நாப்பது செகண்டு," என்றாள் விமலா கூட்டத்தைப் பார்த்து. "வாசக்கதவு மாதிரி ஒருத்தரு தள்ளுனா தொறக்குறது வேகமாத்தான் தொறக்கும். ஆக்கார் நல்ல சாமான்னு நான் சொல்லல. அது படுத்துன பாடும் ரெண்டாவது பக்கத்துல இருக்கு. நான் கேக்குறது இவ்வளவுதான். ஆலைக்குக் கிலாட்டுதான் வேணும்னா அதுல எழுதுவோம். கூடவே ஆக்கார்லயும் எழுதுவோம். ரெண்டு போனயும் நானே புடிக்கிறேன். நாப்பது செகண்டு நான் நிக்கிறேன்."

இது நல்ல யோசனை என்று பல தலைகள் ஆடின. புனிதன்கூட, "அப்படியும் செய்யலாமே சார்?" என்றார். கஜன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அது ஏலாது. ஒப்பந்தத்தில இருக்கு. பன்னெண்டாவது விதி. சங்கம் வேற எந்தப் பதிவும் வச்சிருக்கக் கூடாது. ரெண்டு இடத்தில எழுதினா குழப்பம் வரும்."

மயிலம்மாள் எழுந்துவிட்டாள். "இருங்க சார். நான் வெட்டுன பழத்த நான் எங்கயும் எழுதி வைக்கக் கூடாதா? என் நோட்டுல கூடவா?"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இந்த நெலத்துக்காக நம்ம எத்தன வருசம் நின்னோம்? இப்ப நம்ம பழத்துக்குச் சாட்சி அவங்க மட்டும்தானாம். மூணு குறி போட்டு வெளிய தள்ளிட்டா, இல்லன்னு சொல்ல நம்மகிட்ட ஒரு துண்டுத் தாளு இருக்கக் கூடாதாம்!" என்றாள்.

பாலாய் கொதித்தது. ஒப்பந்தத்தை யார் முழுசாகப் படித்தது என்று புனிதனைக் கேட்டார்கள். அவர் பன்னிரண்டாவது விதி வரை போகவில்லை. சத்தம் அடங்கக் கால்மணி நேரம் ஆனது. கையைத் தூக்கச் சொன்னபோது கிலாட் ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம் என்று முப்பத்துமூன்று கைகள் எழுந்தன. வேண்டும் என்று பதினாறு. புனிதன் கை அந்தப் பதினாறில் இருந்தது.

படத்தைச் சுருட்டிக்கொண்டு கஜன் விமலாவிடம் வந்தார். "நாளையிலிருந்து எங்கட கேட்டில உங்கட லோரி நிக்க ஏலாது. தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"மூண்டு மாசத்தில திரும்ப வருவேங்கோ."

"வந்தா அந்தப் பன்னெண்டாவது விதி இல்லாம வருவோம்," என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை புனிதன் லோரியைக் கொண்டுவந்து ராம்ப்பில் போட்டார். முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது லோடு ஏறியது. ஒவ்வொன்றுக்கும் ஆக்காரின் டிக் விழும் வரை அவர் என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கில் தாளம் போட்டார்.

"நான் ஒத்துக்கிட்டு வரல. சங்கம் சொல்லிருச்சு, ஓட்டுறேன். அவ்வளவுதான்."

"சரி அண்ணே."

"தம்பின்ல கேட்ட சாத்துனான்னு வையி, மொத போனு உனக்குத்தான் வரும்."

மதியம் இரண்டு மணிக்குப் போன் வந்தது. விமலா முதல் மணியிலேயே எடுத்தாள். "வரிசையில ஒன்றர மணி நேரம் காய்ஞ்சேன்," என்று தொடங்கி, வழியில் இருந்த குழி, வெயில், சாப்பிடாதது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "ஒம்போதும் ஸ்க்ரீன்ல இருந்துச்சு. உள்ள விட்டுட்டான்," என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. தூரம் கட்டுப்படியாகாமல் பதினான்கு பேர் விலகித் தரகர்களிடம் பழத்தைப் போட்டார்கள். அதில் இரண்டு பேர் விமலாவிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் கடைத்தெருவில் பார்க்கும்போது அவளுக்கு வலித்தது. ராம்ப் ஆபீசில் வைத்த ஆக்கார் பெட்டி இரண்டு முறை இடியில் அணைந்து, மற்ற முப்பத்திரண்டு பெட்டிகளோடு மறுபடி ஒத்துப்போக அரை நாள் எடுத்துக்கொண்டது. அதையும் அவள் நோட்டில் எழுதினாள். மீதி முப்பத்தெட்டுப் பேரின் பழம் தம்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது மாதம் கஜனின் கார் ராம்ப்புக்கு வந்தது. இந்த முறை தனியாக வந்திருந்தார். கிலாட் நிறுவனத்தில் மேலிடத்தில் இருப்பவர்கள், அது நின்றுபோன அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்கிறார்களாம். வேறு சங்கங்களும் பன்னிரண்டாவது விதியைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டனவாம்.

"அந்த விதியை எடுக்கிறம். சர்வரையும் நாலு ஊருக்குப் பிரிச்சு வைக்கிறம். ரெண்டு விநாடி எண்டது ஆறு விநாடி ஆகும்," என்றார். "அப்ப கையெழுத்துப் போடுவேங்களோ?"

விமலா நிறுவைத் தட்டில் ஒட்டியிருந்த பழங்களைக் காலால் தள்ளிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல வைங்க சார். வச்சிட்டுச் சொல்லுங்க. மறுபடி இருபத்தொரு நாளு நான் டெஸ்ட் பண்ணுவேன். நாலு ஊருன்னு சொல்றீங்கல்ல, சாவி யாரு யாரு கையிலன்னும் கேப்பேன். ஒடஞ்சா அதயும் எழுதுவேன்."

"நீங்கள் ஆரையும் நம்ப மாட்டீங்களோ அக்கா?"

"உங்கள நம்புறேன் சார். அன்னிக்கி உதவி பண்ணத்தான் வந்தீங்க, எனக்குத் தெரியும். உங்களுக்கு அப்பறம் அந்த நாக்காலியில யாரு உக்காருவான்னு எனக்குத் தெரியாதுல்ல?"

கஜன் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். அந்தக் கார் வழிவிடட்டும் என்று பின்னால் காத்திருந்த ஒரு பிக்கப் ஹாரன் அடித்தது. பின்தட்டு நிறையக் குலைகள். விமலா கையைக் காட்டி, "வா, வா, மெதுவா ரிவர்ஸ் எடு," என்று கத்தினாள்.